பீரங்கி வரைக்கும்

“நான் முந்திட்டா நீ சரின்னு சொல்லிடணும்.”

சொல்லிவிட்டு அத்தை என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, வைக்கோல் உருளைகள் கிடந்த வயலின் ஓரமாக ஓட ஆரம்பித்துவிட்டார்.

ஓட்டம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். முழங்காலில் உறை, தலையில் என் பழைய தொப்பி, கையில் கைக்குட்டை. பஸ் புறப்பட்டுவிடுமோ என்று பதறுகிறவரின் நடைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

ஞாயிறு காலைகளில் எங்கள் பாதை இதுதான். வயல்களுக்கு நடுவே மண்சாலை மெல்ல ஏறும். மேட்டைத் தொட்டதும் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். அங்கிருந்து ஆடுகள் மேயும் சரிவில் இறங்கினால் பழைய கோட்டை, அதன் பின்னால் கடல். கோட்டை வாசலில் ஒரு பீரங்கி, என்றோ வந்து போன கப்பல்களை இன்னமும் மிரட்டிக்கொண்டிருக்கும். அதில் கை வைத்தால் ஓட்டம் முடிந்தது.

அந்தப் பீரங்கிக்கு ஓர் ஆள் உண்டு. கோட்டையிலுள்ள பீரங்கிகளுக்கெல்லாம் துருவைச் சுரண்டி எண்ணெய் பூசுவது அவர் வேலை. பீரங்கிக்காரர் என்பது அத்தை வைத்த பெயர்.

போன ஞாயிறு நான் மூச்சிரைக்கப் பீரங்கியில் கை வைத்தபோது, அவர் எண்ணெய்த் துணியைக் கீழே போட்டுவிட்டு, என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். பின்னால் வந்துகொண்டிருந்த அத்தையின் காதிலும் அது விழுந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சொன்ன கையோடு வந்த வழியே திரும்பி ஓடினேன். அவ்வளவு வேகமாக நான் என்றைக்குமே ஓடியதில்லை.

வாரம் முழுக்க யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? அந்த மனிதரை நினைத்தாலே பல் தெரிகிறது. வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் இடுக்கிகளைக் கழுவும்போதும் சிரிக்கிறேன். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள் மிரண்டு போகிறார்கள்.

ஆனால் அந்த ஒரு சொல்லை அத்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பந்தயம்.

ஆக, நான் தோற்க வேண்டும். அதுவும் வேண்டுமென்றே தோற்றதாகத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அது என் ஆசையாகிவிடும். உண்மையிலேயே தோற்றால் அத்தையின் உத்தரவு.

அத்தையிடம் தோற்பது லேசான காரியமல்ல.

எவ்வளவு மெதுவாக ஓடினாலும் அவர் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. இருந்த இடத்திலேயே குதித்துப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடு மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். நிமிர்ந்தால் அத்தையும் மூச்சு வாங்க நின்றுகொண்டிருக்கிறார். மற்ற காலின் கயிற்றையும் கட்டினேன். அவர் இன்னும் நிற்கிறார். கட்டுவதற்கு எனக்கு வேறு கால் இல்லை.

“என்னடி, ஷூவுக்குள்ள கல்லு போட்டுக்கிட்டு வந்தியா?”

“இல்லத்தை, வலது தொடை பிடிச்சுக்கிச்சு.”

“வலது தொடைக்கு எதுக்கு இடது தொடையைத் தேய்க்கிற?”

அவ்வளவுதான். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. நிறுத்த நினைக்க நினைக்கச் சிரிப்பு அதிகமானது. சிரித்துக்கொண்டே மேட்டைத் தாண்டினோம். சிரித்துக்கொண்டே சரிவுக்கு வந்தோம்.

சரிவைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சிரிக்கிற உடம்புக்குப் பிரேக் கிடையாது. கால்கள் என்னைக் கேட்காமல் ஓடின. ஆடுகள் சிதறின. அத்தையின் தொப்பி பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. நான் முந்திவிட்டேன்! கீழே பீரங்கி பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு அவர் எழுந்து நின்றார். பந்தயம் என்னவென்று தெரியாமல், பாவம், என்னை உற்சாகப்படுத்திக் கையை வேறு ஆட்டினார்.

கை நீட்டினால் நான் ஜெயித்துவிடுவேன்.

இரண்டு கைகளையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பீரங்கியைத் தொடாமல், அவரையும் தாண்டி, கோட்டைச் சுவரைச் சுற்றிக்கொண்டு, மணலில் கால் புதையும்வரை ஓடினேன். எதிரே கடல் மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் ஓடியிருப்பேன்.

திரும்பி வந்தபோது என் முகம் காதுவரை எரிந்தது. இனி எந்தத் தொடையைப் பிடித்தும் பயனில்லை. பார்க்க வேண்டியவர்கள் இருவரும் பார்த்தாகிவிட்டது.

அத்தை அப்போதுதான் ஆடி அசைந்து இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். பீரங்கியின் மேல், குழந்தையின் தலையில் வைப்பதுபோல் கையை வைத்தார். பிறகு பீரங்கிக்காரர் பக்கம் திரும்பினார்.

“தோத்துட்டா. சரின்னு சொல்லிட்டா. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க தம்பி. இவளுக்குக் கோவம் வந்தா வாய் பேசாது, அலமாரியை எல்லாம் இழுத்துப் போட்டு அடுக்குவா. எம் பையன் இருக்கானே, அவன் சும்மாவாச்சும் சண்டையை இழுத்து வீட்டையே அடுக்க வச்சுடுவான்.”

என் கணவனைப் பற்றிய பேச்சு. அவன் இறந்ததிலிருந்து எங்கள் இருவர் வாயிலும் வராத பேச்சு.

அதை அத்தை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பில் மூச்சு முட்ட, முடிக்க முடியாமல் பேசிக்கொண்டே இருந்தார்.