சிமெண்ட் அரக்கனின் வாய்

அல்சூர் பட்டறையின் தகரக் கூரை ஓட்டை வழியே காலை வெயில் சிமெண்ட் அரக்கனின் மொட்டைத் தலையில் வட்டமாக விழுகிறது. உணவகத்து வாசலில் நிற்கப்போகிறவன். பார்க்கிறவர்கள் நடுங்க வேண்டும் என்பது உணவக முதலாளியம்மா யாமினியின் கட்டளை. இன்னும் உதடு மட்டும்தான் பாக்கி. உதட்டுக்குப் பிசைந்த எபாக்சி பசை இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும். சம்பூர்ணம் தண்ணீர் தொட்ட கட்டைவிரலால் உதட்டை இழுத்தபடி, எதிரே முக்காலியில் மாதிரிக்காக வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும் கணவன் குணசேகரைப் பார்க்கிறாள். அவன் உறுமுகிறான். பாதி உறுமலில் சிரிப்பு வந்துவிடுகிறது. "சிரிக்காதய்யா, கெட்டியாவுது!" என்று அதட்டுகிறாள். "நான் இன்னா பண்றது, உன் மூக்குல சிமெண்ட்டு!" அவள் புறங்கையால் துடைக்க, அது கன்னத்துக்கும் பரவுகிறது. அவன் சிரித்துச் சிரித்து முக்காலியோடு சரிகிறான். அவள் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. கண் பார்ப்பதைக் கை செய்துகொண்டே போகிறது. எபாக்சி கல்லாகிவிடுகிறது. வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம். யாமினி உள்ளே வந்து நிமிர்ந்து பார்க்கிறாள். கோரைப்பல்லுக்கு மேலே கன்னம் குழிய, குணசேகரைப் போலவே, அரக்கன் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருக்கிறான். "பயமா இருக்கணும்னு நான் அவ்ளோ..." யாமினியால் முடிக்க முடியவில்லை. தோள்கள் குலுங்குகின்றன. கழற்ற மறந்த ஹெல்மெட்டின் கண்ணாடி அவள் சிரிப்பின் ஆவி படர்ந்து மங்குகிறது.