காரணம் சொல்லாத ஆணை

உப்பளத் தொழிலாளி அந்தோணியம்மாளின் வீட்டுமனைப் பட்டா மனுவை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக்களைத் தானே முடிவு செய்யும் கணினி இயந்திரம் மூன்றாம் முறையாக நிராகரித்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை. அதன் முடிவுகளில் கையெழுத்திடுவது மட்டுமே துணை வட்டாட்சியர் மதுரவல்லியின் வேலை.

"நான் என்னம்மா தப்பு செஞ்சேன்? அதையாவது சொல்லச் சொல்லுங்க," என்றார் அந்தோணியம்மாள்.

மதுரவல்லிக்குக் கல்லூரி நினைவு வந்தது. அரசியல் அறிவியல் வகுப்பில் மொத்தமே ஆறு பேர். "இதப் படிச்சு என்னடி செய்யப்போற?" என்று விடுதியே கேலி செய்யும். மழை பெய்த ஒரு மதியம் அந்த ஆறு பேரும் மாதிரிச் சட்டமன்றம் நடத்தினார்கள். எதிர்க்கட்சித் தலைவியான மதுரவல்லி மேசையைத் தட்டி, "மறுக்கிற அரசு காரணம் சொல்லியே ஆகணும்!" என்று கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. தோழி ரெஜினா சிரித்துக்கொண்டே சுக்குக் காபி வாங்கித் தந்தாள். அப்படி மனம் நிறையச் சண்டை போட்டு இருபது வருடமாகிவிட்டது.

மதுரவல்லி கையெழுத்திடவில்லை. "காரணம் கூறாத ஆணை செல்லாது, நேரில் விசாரிக்கப்படும்," என்று தன் கைப்பட எழுதினாள்.

"வாங்கம்மா, உங்க வீட்டப் பார்த்துட்டு வருவோம்."

அந்தோணியம்மாள் நம்பாமல் எழுந்தார்.

"எங்க தெருவுக்கு ஆபீசர்னு ஒரு மனுஷி வந்து பதினோரு வருஷமாச்சும்மா."