உறுமும் டப்பா

"அந்த டப்பாவை மிதிக்காம உன்னால ஒரு பாட்டு வாசிக்க முடியாதா?"

கேட்டவர் சோமசேகரன். காரைக்காலில் அவருடைய மெல்லிசைக் குழுவுக்கு நல்ல பெயர். அந்தப் பெயரைக் கெடுப்பதற்கென்றே பிறந்தவன் கித்தார் மைக்கேல்ராஜ் என்று கொஞ்ச நாளாக அவருக்கு ஓர் எண்ணம்.

"முடியும்ணே. ஆனா அதுல உயிர் இருக்காது" என்றான் மைக்கேல்ராஜ்.

டப்பா என்று அவர் சொன்னது ஃபஸ் பெடலை. அறுபதுகளில் வெளிநாட்டுக்காரர்கள் போட்ட சர்க்யூட் அது. பாரிசிலிருந்து சித்தப்பா மகன் அனுப்பிய பழைய பத்திரிகையில் படம் இருந்தது. ரேடியோ மெக்கானிக் முகைதீன் பிச்சை, செத்துப்போன ரேடியோக்களிலிருந்து டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, ஒரு புது அலுமினிய டிபன் பாக்ஸுக்குள் அதை அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டார். காலால் ஒரு மிதி மிதித்தால் போதும், கித்தார் கரகரவென்று உறுமும். மைக்கேல்ராஜுக்குப் புல்லரிக்கும். மற்ற எல்லோருக்கும் பல் கூசும்.

"மண்டபத்தூர் கல்யாணத்துல என்ன ஆச்சு? ஸ்பீக்கர் எரியுதுன்னு பொண்ணோட தாய்மாமன் ஒரு குடம் தண்ணிய ஊத்திட்டாரு! ஞாயித்துக்கிழமை கோட்டுச்சேரியில கச்சேரி. டப்பாவை வீட்டுல வச்சுட்டு வர்றதுன்னா வா. இல்லேன்னா உன் இடத்துல வேற ஆளு."

மைக்கேல்ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு வருடமாக வாசிக்கும் குழு. அதை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆனாலும் இந்தச் சத்தத்தை ரசிக்க இந்த ஊரில் ஒருத்தர்கூடவா இல்லை?

மறுநாள் காலையில் வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றாள். காரைக்கால்மேட்டுக் குஞ்சம்மா.

"தம்பி, மண்டபத்தூர் கல்யாணத்துல ஒரு டப்பா உறுமுச்சே, அது உங்களதுதானே?"

"ஆமாங்க, மன்னிச்சுக்குங்க" என்றான் பழக்கதோஷத்தில்.

"அட, எதுக்கு மன்னிப்பு? எங்க ஊருக்கு வந்து வாசிக்கணும் தம்பி. பத்து நாளு. காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சா பொழுது சாயுற வரைக்கும்."

"அவ்வளவு நேரமா?"

"சாப்பாடு, டீ எல்லாம் எங்க பொறுப்பு. ஆனா டப்பா இல்லாம மட்டும் வந்துடாதீங்க."

மைக்கேல்ராஜ் அவள் காலில் விழாத குறைதான்.

கடற்கரை மணலில் ஒரு கம்பம் நட்டு, கோயில் திருவிழாவின் ஹாரன் ஸ்பீக்கரை வானத்தைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் லாரி பேட்டரி தயாராக இருந்தது. சுற்றிலும் பெண்கள் வெயிலில் குனிந்து மீன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியாதைக்கு முதலில் டப்பாவை மிதிக்காமல் மெதுவாக ஒரு மெலடி எடுத்தான்.

"அது வேணாம் தம்பி! டப்பாவை மிதிங்க!" என்று நாலா பக்கமிருந்தும் கத்தினார்கள்.

மிதித்தான்.

"ஆங்! அதான்!"

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தான். முதல் கவளம் உள்ளே இறங்குவதற்குள் குஞ்சம்மா தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"ஐயய்யோ, நிறுத்திட்டீங்களே! எந்திரிங்க தம்பி. நீங்க பாட்டுக்கு வாசிங்க, நான் ஊட்டிவிடுறேன்."

சொன்னபடியே ஊட்டியும் விட்டாள். குழம்புச் சோற்றை மென்றுகொண்டு உறுமவிட்டபோது மைக்கேல்ராஜின் கண்கள் கலங்கின. பெற்ற தாய்கூட அவன் வாசிப்பை இப்படி ரசித்தது கிடையாது.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, சோமசேகரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணலில் வந்து நின்றார்.

"மைக்கேலு, நாளைக்குக் கச்சேரி. கடைசித் தடவையா கேக்குறேன், டப்பாவை விட்டுட்டு வர்றியா?"

மைக்கேல்ராஜ் வாசிப்பை நிறுத்தாமலே கத்தினான். "வரலைண்ணே! என் இடத்துல யாரை வேணும்னாலும் போட்டுக்குங்க! என் அருமை தெரிஞ்ச ஜனங்க இங்க இருக்காங்க!"

சோமசேகரனுக்குச் சுருக்கென்றது. அவருடைய குழுவைப் பத்து நாள் சேர்ந்தாற்போல் இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. குஞ்சம்மாவைத் தனியே கூப்பிட்டு, "ஏம்மா, இவ்வளவு பெரிய ஏற்பாடு பண்ணியிருக்கீங்களே, போன வருசம் இந்த எடத்துல யாரை வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"போன வருசமா? கருவாட்டுக்குக் காவலா செத்த காக்கா ஒண்ணைக் கம்புல கட்டித் தொங்கவிட்டோம்ங்க" என்றாள் குஞ்சம்மா. "ரெண்டே நாளுதான் மத்த காக்காயெல்லாம் பயந்துச்சு. அதுக்கு இந்தத் தம்பி எவ்வளவோ தேவலைங்க."