தொண்ணூறு நாவல்களும் ஒரு மணிக்கட்டும்

"முப்பத்திரண்டு வருஷம், தொண்ணூறு நாவல். ஒரு நாள்கூட இந்தக் கை வலிச்சதில்லை டாக்டர். சரித்திரத்துலயே இப்படி ஒரு கை கிடையாது," என்று எழுத்தாளர் தம் வலது கையை மேஜைமேல் நீட்டினார்.

டாக்டர் அந்தச் சரித்திரத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் கையை எடுத்தார். வைத்தியம் பார்க்க வந்தவள் அவள்தான்.

மணிக்கட்டில் விரலால் மெல்லத் தட்டினார். "என்னம்மா தெரியுது?"

"கட்டை விரல்ல இருந்து நடு விரல் வரைக்கும் சுரீர்னு இழுக்குது. முன்னெல்லாம் மரத்துப்போனா உதறுவேன், சரியாயிடும். இப்ப உதறினாலும் கேக்கறதில்லை. நேத்து டம்ளர் நழுவிடுச்சு."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"வீட்டோடதான் இருக்கா," என்றார் எழுத்தாளர்.

அவள் அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"துணி பிழியறது, காய் நறுக்கறது..." என்று டாக்டர் இழுத்தார்.

"அதுவும் உண்டு," என்றாள்.

டாக்டர் அவளுடைய கட்டைவிரலின் அடிப்பக்கத்தைத் தடவினார். மேடாக இருக்க வேண்டிய இடம் பள்ளமாகக் கிடந்தது.

"மணிக்கட்டுக்குள்ள ஒரு குறுகலான வழி இருக்கு. அதுல போற நரம்பு நசுங்கிப்போச்சு. ஆரம்பத்துலயே வந்திருந்தா தூங்கும்போது கை மடங்காம இருக்க ஒரு பட்டை, வேலைக்கு நடுவுல ஓய்வு, அதுவே போதுமா இருந்திருக்கும். இப்ப தசையே இளைச்சிருக்கு. ஆபரேஷன் பண்ணினா வலி குறையும். பழைய பலம் முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?" இந்தக் கேள்வி எழுத்தாளரைப் பார்த்து வந்தது.

'இந்தத் தொடர் முடியட்டும், போகலாம்' என்று சொன்னது அவர்தான். அது முடிந்தது, அடுத்த தொடர் ஆரம்பித்தது. அவளாகவே ஒரு பட்டை வாங்கிக் கட்டியபோது, 'இதைக் கட்டிக்கிட்டா வேலை எப்படி ஓடும்?' என்று கேட்டதும் அவர்தான். மறுநாளிலிருந்து அவள் கட்டவில்லை.

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி மருந்துச் சீட்டு அடிக்க ஆரம்பித்தார். எழுத்தாளருக்குப் பேச்சை மாற்ற ஒரு வழி கிடைத்தது.

"என்ன டாக்டர், ஒத்தை விரல்ல கோழி கொத்துற மாதிரி அடிக்கிறீங்க? எங்க வீட்ல மழை பெய்யற மாதிரி சத்தம் கேக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஆபரேஷன். அரை மணி நேரம்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்தாளர் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ப்பில்லை, களைப்பில்லை, பச்சைப் பிள்ளையின் கை மாதிரி வழவழவென்று இருந்தது. சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் பத்திரிகையிலிருந்து போன் வந்தது. "சார், சாயங்காலத்துக்குள்ள அத்தியாயம் வரலைன்னா இந்த வாரம் ரெண்டு பக்கம் வெள்ளையாத்தான் போகும்."

"வரும்," என்றார்.

சோபாவில், கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்த மனைவி, போன் வைத்த சத்தம் கேட்டதும் எழுந்துகொண்டாள்.

"நீ உக்காரு," என்றார். கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். விரல் ஒன்றை நீட்டினார். அது கால் மணி நேரம் அந்தரத்திலேயே நின்றது.

"என்னங்க, கதை வரலையா?"

"கதை எப்பவோ வந்தாச்சு." அவர் விசைப்பலகைமேல் குனிந்து தேடினார். "இத்தனை வருஷமா நான் சொல்லச் சொல்ல நீயே அடிச்சிட்டிருந்தே. இதுல 'அ' எங்க இருக்கு?"