சர்வர் சொல்லும் மணி

ஒரு நிறுவனத்தில் மணி என்ன என்பதைச் சூரியன் தீர்மானிப்பதாகச் சிலரும், முதலாளி தீர்மானிப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். இரண்டும் பிழை. இன்றே திருத்திக்கொள்வது நல்லது.

தீர்மானிப்பது டொமைன் கன்ட்ரோலர் என்ற தலைமை சர்வர். யார் உள்ளே வரலாம், எந்தக் கோப்பைத் திறக்கலாம், இப்போது மணி என்ன, எல்லாம் அது சொல்வதுதான். மற்ற சர்வர்களும் கம்ப்யூட்டர்களும் அதன் உறுப்பினர்கள். அது ஒன்பது என்றால் அவற்றுக்கும் ஒன்பது.

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நாற்பது பேர். தலைமை சர்வரைக் கவனித்துக்கொண்ட பெண்மணிக்கு ‘முடியாதக்கா’ என்று பெயர்.

“அக்கா, இந்த ஒரு சாஃப்ட்வேர் மட்டும் போட்டுக்கட்டுமா?”

“முடியாது.”

“பாஸ்வேர்டை மாத்தாம இருக்கலாமா?”

“முடியாது.”

முதலாளி அவருக்கும் மேலே. காலையில் வாசலில் நின்று, வருகிறவர் முகத்தைப் பார்க்குமுன் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மாதத்தில் நான்கு நாள் தாமதமானால் வேலை போகும். வருகைப்பதிவு சர்வர் சொன்னதே தீர்ப்பு.

முடியாதக்காவின் நாற்காலிக்கு ஆள் வந்தான். முதலாளியின் தங்கை மகன். சர்வர் பராமரிக்கும் கம்பெனி வைத்திருப்பவன்.

“உங்கம்மா தினமும் போன் பண்ணி உயிரை எடுக்கறா. நல்லா சோதிச்சுப் பாரு. ஒரே ஒரு தப்பு இருந்தாலும் அவங்களை அனுப்பிட்டு வேலையை உனக்கே தர்றேன்” என்றார் முதலாளி.

மருமகன் காலையிலிருந்து துருவினான். பேக்கப் ஒழுங்காக இருந்தது. முதல் கன்ட்ரோலர் படுத்தால் எழுந்து நிற்க இரண்டாவது தயாராக இருந்தது. வேலையை விட்டுப் போனவர்களுக்கு அன்றைக்கே கதவு சாத்தப்பட்டிருந்தது. அவனுக்கு எரிச்சலாக வந்தது.

ஐந்து மணிக்கு மேல் அகப்பட்டது.

“மேடம்! உங்க சர்வர் நாலு நிமிஷம் பின்னாடி ஓடுது!”

“தெரியும்.”

“வெளியிலிருந்து சரியான நேரம் வாங்கற இணைப்பையே துண்டிச்சிருக்கீங்க!”

“எட்டு மாசமாச்சு.”

“எதுக்கு?”

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் காட்டினார் அக்கா. அட்டை வெட்டும் இயந்திரத்தில் ஒரு பெண்.

“காது கேக்காத பையன். அவனைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வரணும். அங்க எட்டரைக்குத்தான் கேட் திறப்பாங்க. எப்படிப் பறந்து வந்தாலும் இங்க ஒன்பது மூணு ஆயிடும். இப்ப அது சர்வர்ல எட்டு அம்பத்தொன்பது.”

“அதென்ன நாலு? பத்தா வெச்சிருக்கலாமே!” குரலில் நக்கல் இருந்தது.

“அஞ்சைத் தாண்டினா, வெளியிலிருந்து சரியான நேரத்தோட வர்ற லேப்டாப்பை சர்வர் உள்ள விடாது. உங்களுக்குத் தெரியாததா தம்பி?”

தெரியும். பரீட்சைக்காகப் படித்த விதி. அதற்கு இப்படி ஓர் உபயோகம் இருப்பது தெரியாது.

“அந்தம்மாவுக்கு விஷயம் தெரியுமா?”

“தெரியாது. வேகமா ஓடப் பழகிட்டோம்னு நினைச்சிட்டிருக்காங்க.”

“மத்தவங்க? எல்லார் பையிலயும் போன் இருக்கே?”

“முதல் நாளே கவனிச்சுட்டாங்க.”

“யாரும் வாயைத் திறக்கலையா? சாயங்காலம் அஞ்சரைக்கு அடிக்கற மணியும் சர்வர் நேரத்துலதானே அடிக்கும்? அப்ப எல்லாருமே நாலு நிமிஷம்...”

“லேட்டாத்தான் வீட்டுக்குப் போறாங்க. பஸ்ஸை விட்டவங்களும் உண்டு. மாமாகிட்ட சொல்றதானா சொல்லுங்க. என் வேலை போகும், அந்தம்மா வேலையும் போகும்.”

மருமகனின் போனில் ஐந்தரை ஆனது. மணி அடிக்கவில்லை.

கண்ணாடி வழியே பார்த்தான். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டப்போன ஒருவர், அதைக் கழற்றிவைத்துவிட்டு இன்னோர் அட்டையை மடிக்க எடுத்தார். ஓர் ஆள் போனைப் பார்த்தார், கொட்டாவி விட்டார், பையில் போட்டுக்கொண்டார். ஒருவரும் எழவில்லை. நாற்பது பேர், தினமும் நாலு நிமிடம், எட்டு மாதம். பெருக்கிப் பார்க்கப் போனவன் பாதியில் விட்டுவிட்டான். தன்னையறியாமல் எழுந்து நின்றிருந்தான்.

முதலாளியின் அறைக்குப் போனான்.

“என்னப்பா, தப்பு ஏதாவது கிடைச்சுதா?”

“இல்லை மாமா. எல்லாம் சுத்தமா இருக்கு. இந்த வேலை எனக்கு வேண்டாம்.”

“நேரம்? அதுவும் சரியா ஓடுதா?”

“நொடி பிசகாம ஓடுது மாமா.”

முதலாளி தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“அஞ்சு இருபத்தேழுதான் ஆகுது. மணி அடிக்கட்டும், சேர்ந்தே போகலாம். உட்காரு.”

மருமகனின் போனில் ஐந்து முப்பத்தொன்று. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான்.