சாவி கொடுக்கும் வாட்ச்

"என் பழைய வாட்ச்சத்தான் விண்வெளிக்குக் கட்டிட்டுப் போகணுமாத்தா? கூட வந்தவக சிரிச்சிருப்பாகளே," என்றார் அய்யாத்துரை.

போடி பஜாரில் இருக்கும் அவருடைய ஏலக்காய்க் கடையில் காலையிலிருந்து கூட்டம். விண்வெளிக்குப் போய்த் திரும்பிய மகள் ஷீபா ஊருக்கு வந்திருக்கிறாள். மாலை போட வந்தவர்கள், கூட நின்று படம் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் இப்போதுதான் கலைந்தார்கள். பக்கத்துக் கடை கர்ணன் மட்டும் டீயும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

"நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன் அண்ணாச்சி," என்றார் கர்ணன்.

"நானும் வாங்கித் தாரேன்னுதான் சொன்னேன். இவதான் என் கையில கெடந்தத கழட்டிட்டுப் போயிட்டா."

அவருக்கு அது ஆறாத குறை. ஊரே கொண்டாடும் பிள்ளைக்கு அப்பன் கொடுத்தனுப்பியது, தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும் ஒரு வாட்ச்.

"சிரிக்கத்தான் செஞ்சாகப்பா. மொத வாரம் முழுக்கக் கேலிதான்," என்றாள் ஷீபா.

"அப்புறம்?"

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயந்துருவீகன்னு போன்ல சொல்லல. ஒரு நாள் விண்கலத்துல வயர் கருகி, கரண்ட் மொத்தமும் போயிருச்சு. லைட்டும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல. ஒரே புகை. மூணு பேரும் மாஸ்க் போட்டுட்டோம். ஒரு சிலிண்டர்ல காத்து பத்து நிமிசந்தான் வரும். சீக்கிரம் மாத்துனா வீணாப் போயிரும், கையில இருந்ததே கொஞ்சம். பிந்துனா உயிரு போயிரும்."

அய்யாத்துரை உருட்டிக்கொண்டிருந்த ஏலக்காய் விரலிலிருந்து நழுவியது. "ஆண்டவரே..."

"அம்புட்டு நேரமும் கை குடுத்தது உங்க வாட்ச் ஒண்ணுதாம்ப்பா. மாத்த வேண்டிய நேரத்துல நான் தோளைத் தட்டுவேன், மத்த ரெண்டு பேரும் மாத்துவாக. கரண்ட் வந்ததும் எங்க கேப்டன் வாட்ச்ச எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. 'இந்த வாட்ச்சாலதான் நாம உயிரோட இருக்கோம்னு உங்கப்பாகிட்ட நேர்ல போயிச் சொல்லு'ன்னாரு. அதான் மொதல்ல இங்கன வந்தேன்."

அய்யாத்துரை மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்த குறை கண்ணீராய்க் கரைந்து இறங்கியது.

கர்ணனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அது சரித்தா. கும்மிருட்டுங்குற, புகைங்குற. அந்த வாட்ச்சுல மின்னுற முள்ளுகூடக் கெடையாது. எப்படி மணி பாத்த?"

ஷீபா தன் கையில் கட்டியிருந்த வாட்ச்சின் மூடியைத் திறந்து, கண்ணாடி போடாத முட்களின் மேல் அப்பாவின் விரலை எடுத்து வைத்தாள்.

"பொறவியிலயே கண்ணு தெரியாத எங்கப்பா இத்தன வருசமா எப்படி மணி பாக்குறாகளோ, அப்படித்தான் சித்தப்பா."