கழுத்தில் ஒரு பென்டிரைவ்

"கேட்டேளா மாமி? எங்காத்து நாட்டுப்பொண் என் கம்ப்யூட்டரைப் பூட்டி, சாவியைக் கழுத்தில போட்டுண்டு திரியறா!"

கோயில் வாசலில் நாகேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில் அவர் இதைச் சொல்லாத வீடு பாக்கியில்லை.

பத்மஜா மாமிக்குப் பொறுக்கவில்லை. கல்யாணம், விசேஷம் என்று சமையல் எடுத்து நடத்துகிறவள். ஊர் நியாயம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை நேராக நாகேஸ்வரன் வீட்டுக்கே போய்விட்டாள்.

மருமகள் திவ்யலட்சுமி டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பென்டிரைவ் தொங்கியது.

"என்னடி பண்ணினே அவரோட கம்ப்யூட்டரை?"

"ஆன் பண்ணினதும் கம்ப்யூட்டர் முதல்ல படிக்கறது பூட் ரெக்கார்டுன்னு ஒரு துளி இடம் மாமி. விண்டோஸுக்கு அதுதான் வழி காட்டும். அதை இந்தப் பென்டிரைவில காப்பி எடுத்து வெச்சுண்டு, உள்ளே இருந்ததை அழிச்சுட்டேன். இனிமே இதைச் சொருகினாத்தான் அது கண் முழிக்கும்."

"அப்போ வேணும்னே பண்ணியிருக்கே!"

"ஆமா மாமி."

கொஞ்சமும் கூசாமல் சொன்னாள். மாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாவம்டி, ரிட்டயர் ஆன மனுஷன். சஹஸ்ரநாமம் டைப் பண்ணி நாலு பேருக்கு அனுப்பறவர்!"

"போன்ல அந்தக் குட்டி எழுத்து எனக்குக் கண்ணில பிடிக்கறதில்லை மாமி," என்றார் ஈஸிசேரில் கிடந்த நாகேஸ்வரன். "பகவான் நாமத்துக்கே தடை. சாரமில்லை, போகட்டும், கலிகாலம் ஆக்கும்!"

"கேட்டியா? எதுக்குடி இந்தக் கொடுமை?"

திவ்யலட்சுமி மாமனாரைப் பார்த்தாள். மாமனார் ஜன்னலைப் பார்த்தார்.

"காரணம் இருக்கு மாமி. அதை என் வாயால சொல்லப்படாது."

"சொல்ல வாயில்லாத காரணம்! எங்காத்துக்கு உன்னை மாதிரி ஒருத்தி வந்திருந்தா அன்னிக்கே பொட்டியைக் கட்டச் சொல்லியிருப்பேன்."

திவ்யலட்சுமி கோபப்படவில்லை.

"மாமி, உங்க ஆர்டரெல்லாம் இப்போ எப்படி?"

"பேச்சை மாத்தறியா? ஈஸ்வர கிருபையில இப்பதான் தலை நிமிர்ந்திருக்கேன். முன்னாடி ஒரு வருஷம் யார் கண் பட்டதோ, போன் மணியே அடிக்கலை. பொண்ணு ராஜஸ்ரீயோட காலேஜ் படிப்பை நிறுத்திடலாமான்னுகூட யோசிச்சேன். அதுக்கும் இதுக்கும் என்னடி?"

"ஒண்ணுமில்லை. இதைக் குடுத்துடணும்னு நீங்களா சொல்றேள்?"

"நான்தான் சொல்றேன். கழட்டு!"

திவ்யலட்சுமி கயிற்றைக் கழற்றினாள். மாமி அதை வெடுக்கென்று வாங்கி, பிரசாதம் போல நாகேஸ்வரன் கையில் வைத்தாள்.

"நீங்க நன்னா இருக்கணும் மாமி," நாகேஸ்வரன் கை கூப்பினார். "பெத்த பொண்ணுகூட இப்படி வாதாட மாட்டா."

வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் மாமியை மெச்சினார்கள். திவ்யலட்சுமியை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மாமி அதோடு விடவில்லை. மனசு நொந்தவருக்கு ஆகட்டும் என்று வீட்டுக்குப் போய் உண்ணியப்பம் வார்த்து, சூட்டோடு ஒரு சம்படம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அமிர்தம் மாமி! இந்தக் கைமணம் திருவனந்தபுரத்தில வேற யாருக்கு உண்டு?"

மாமி பூரித்துப்போய்த் திரும்பினாள்.

நாகேஸ்வரன் அறைக்கதவைச் சாத்தினார். பென்டிரைவைச் சொருகினார். கம்ப்யூட்டர் கண் விழித்தது.

இன்னொரு உண்ணியப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் ஆன்லைன் ரிவ்யூ ஒன்றைத் தட்ட ஆரம்பித்தார். முன்பு கேசவ் என்ற பொய்ப் பெயரில் சாம்பாரைப் பற்றி எழுதியாகிவிட்டது. இந்தத் தடவை ஸ்வப்னா.

"பத்மஜா கேட்டரிங். ஒரு நட்சத்திரம்கூட அதிகம். உண்ணியப்பத்தில் தலைமுடி. யாரும் ஏமாறாதீர்கள்."